படல் யார் கையில்

காங்கேயத்திலிருந்து வெள்ளக்கோவில் போகும் வழியில், முள்ளுக்கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்கள் ஆங்காங்கே நிற்கும் நிலங்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நிலத்தை எதுக்குத் தரிசாப் போட்டு வெச்சிருக்காங்க?" என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். அது தரிசு அல்ல, கொறங்காடு. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கும் ஊரில் கொழுக்கட்டைப் புல்லையும் நரிப்பயிற்றையும் வெள்வேலங்காயையும் கொடுத்துக் காங்கேயம் மாட்டை வளர்த்த மேய்ச்சல் நிலம். அதைத் தலைமுறை தலைமுறையாகப் பேணுகிறவர்கள் அதில் மாடு மேய்க்கிறவர்கள்தான். எந்தத் துறையும் அவர்களுக்குத் திட்டம் எழுதித் தந்ததில்லை.

நான் அப்படி ஒரு பண்ணையத்தில் பிறந்தவன். வேலை பார்த்தது மலையில். வனத்துறைத் திட்டங்களுக்கும் பிறகு தொண்டு நிறுவனங்களுக்கும் சமூக ஒருங்கிணைப்பாளராகப் போய், ஆனைமலைப் பக்கமும் சத்தியமங்கலம் பக்கமும் காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புகளில் கிராம வனக் குழுக்கள் அமைத்தேன். பின்னாளில் வன உரிமைக் குழுக்களோடு நடந்தேன். தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று அரசிதழில் பெயர் எதுவாக இருந்தாலும் அதற்குள் குடியிருக்கும் மக்கள் அதன் நிர்வாகத்தில் எப்படிப் பங்கெடுப்பது என்பதுதான் என் தொழில். அந்தத் தொழிலில் எனக்குப் பயன்பட்ட முதல் பாடம் கொறங்காட்டில் படித்தது என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கொறங்காட்டுக்கு வேலிதான் அடிப்படை. மழைக்கு முன் கிளுவைக் கட்டைகளை நெருக்கமாக நட்டால் அவை வேர்பிடித்துத் தழைத்து உயிர்வேலியாகிவிடும். அந்த வேலியில் ஓரிடத்தில் படல் இருக்கும். படலைத் திறப்பதும் சாத்துவதும் முழுக்க ஒரு கணக்கு. ஐப்பசி மழையில் புல் தழைக்கும்போது காட்டை அடைத்துப் போட்டுவிட வேண்டும். கதிர் முற்றி விதை உதிரும் வரை ஒரு வாய்கூட உள்ளே விடக் கூடாது. பிறகு மாடு முதலில் போகும், எருமை அடுத்து, செம்மறி கடைசியில். மாடு மேல்புல்லைக் கடிக்கும், செம்மறி தரையோடு கடிக்கும். வரிசை மாறினால் அடுத்த வருஷப் புல் போச்சு. கோடையில் வெள்வேலங்காய் உதிரும் நேரத்துக்கு ஆடுகள் மரத்தடிக்கு வந்து சேர வேண்டும்.

மேய்ச்சலே இல்லாமல் பூட்டிவைத்தால் கொறங்காடு நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அதையும் பார்த்திருக்கிறேன். வாரிசுகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்ட காடுகளில் பழைய புல் காய்ந்து மூடி அடியில் புதுத் தளிர் வராது. சில வருஷத்தில் சீமைக்கருவேலம் ஏறிவிடும். வேலி இற்றுப்போகும், வேலியை நம்பியிருந்த கவுதாரியும் கீரியும் முயலும் போய்விடும். மேய்கிற மாடும் படலைச் சாத்துகிற ஆளும் சேர்ந்துதான் அந்தப் புல்வெளி.

ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பறவைகள் பூங்காவில் நடந்ததை ஒருங்கிணைப்பாளர் பயிற்சி ஒன்றில் முதன்முதலில் கேட்டபோது எங்கள் காட்டைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றே தோன்றியது. 1982-ல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் சுற்றியிருந்த ஊர்களின் எருமைகள் உள்ளே மேய்வதற்குத் தடை வந்தது. எதிர்த்து வந்த கிராமத்தார்மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பத்தாண்டுகளை ஒட்டி ஆய்வு நடத்தியது. எருமைகள் நின்ற பிறகு நீர்ப்புல் தடையில்லாமல் வளர்ந்து குளங்களை அடைத்தது, மீனும் நீர்ப்பறவையும் பாதிக்கப்பட்டன என்பது அதன் முடிவு. எருமைக்காரரிடம் முன்பே கேட்டிருந்தால் அவர் அதைச் சொல்லியிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் அந்தத் தண்ணீரில் தினமும் நின்றவர்.

மலை வேலைக்கு வருகிறேன். ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் என்று ஆறு சமூகத்தார் வாழ்கிறார்கள். கரியன் சோலை, புல்மலை, மஞ்சம்பட்டி ஆகிய பகுதிகள் சேர்ந்த இந்திரா காந்தி தேசியப் பூங்கா 1989-ல் அறிவிக்கப்பட்டது. மக்கள் அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே அங்கு இருக்கிறார்கள். கோழிகமுத்தி யானை முகாமில் கும்கிகளைப் பழக்கும் மாவூத்துகளும் அவர்களுக்கு உதவும் காவடிகளும் பெரும்பாலும் மலசர்கள். புலிக் கணக்கெடுப்பில் தடமும் எச்சமும் படித்துச் சொல்பவர்களும், வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இரவில் கூடாரத்தில் கிடப்பவர்களும் இந்தக் குடியிருப்புப் பிள்ளைகள்தான். அவர்கள் உழைப்பு இல்லாமல் காப்பகம் ஒரு வாரம் நடக்காது. ஆனால் உழைப்பு வேறு, நிர்வாகம் வேறு. தினக்கூலி வாங்கித் தீக்கோடு வெட்டுகிறவர், எங்கே வெட்டுவது என்று முடிவுசெய்யும் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நான் வருஷக்கணக்காகப் பேசிவந்த பேச்சு.

1990 ஜூனில் மத்திய அரசு கூட்டு வன மேலாண்மைக்குச் சுற்றறிக்கை விட்டது. தமிழ்நாட்டில் 1997-ல் ஜப்பான் கடனுதவியோடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியதும் கிராம வனக் குழுக்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. களக்காடு முண்டந்துறையில் அதற்குச் சற்று முன்பே, 1995-ல், சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியிருந்தது. அடிவாரக் கிராமங்களுக்குச் சாண எரிவாயு, புகையில்லா அடுப்பு, சிறுகடன் என்று கொடுத்து விறகுச் சுமை குறைந்ததை அங்கு வேலை பார்த்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அந்த மாதிரியில் மக்கள் காட்டைவிட்டு விலகி நிற்பதற்கு உதவி கிடைத்தது. காட்டைப் பற்றி முடிவெடுக்க இடம் கிடைக்கவில்லை.

ஒரு குடியிருப்பில் குழு அமைக்கப் போன கூட்டம் என்னை மாற்றியது. பெயர் வேண்டாம், மேற்கு மலையில் ஓர் இடம். தலைவர் ஊர்க்காரர், உறுப்பினர் செயலாளர் வனவர், வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து என்று விதிகளை விளக்கினேன். நுண்திட்டத்தின் நகலையும் காட்டினேன். ஊர் மூப்பர் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இதுல எங்களுக்கு என்னென்ன குடுக்கறாங்கன்னு சொன்னீங்க தம்பி. எதை வேண்டாம்னு நாங்க சொல்லலாம்? அதைச் சொல்லலியே."

அன்றிலிருந்து எந்தக் குழுவைப் பார்த்தாலும் இதைத்தான் முதலில் தேடுவேன். குழு வேண்டாம் என்று சொல்லி நின்றுபோன வேலை ஒன்றாவது அதன் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறதா? ஒப்பந்ததாரர் காயெடுக்க வருவதை, தைலமரம் நடுவதை, ஓடைக்குக் குறுக்கே ரோடு போடுவதை? பெரும்பாலான புத்தகங்களில் வருகைப் பதிவும் நன்றித் தீர்மானமும் மட்டுமே இருக்கும். அப்படிப்பட்ட குழுவைத் திட்டப் பணம் தீர்ந்த அடுத்த வருஷமே யாரும் நினைப்பதில்லை. படலைத் திறக்க மட்டும் கூப்பிட்டு, சாத்தும் உரிமையைக் கொடுக்காவிட்டால் பண்ணையக்காரன் காட்டைப் பார்ப்பானா?

சொல்லும் இடம் கிடைத்தால் என்ன சொல்வார்கள் என்பதற்கு என் மனதில் எப்போதும் நிற்பது தீயும் உண்ணிச்செடியும். சத்தியமங்கலத்தை ஒட்டிக் கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலை இருக்கிறது. அங்குள்ள சோளகர்களுக்கும் நம் பக்கத்துச் சோளகர்களுக்கும் சம்பந்தக் கலப்பு உண்டு. காய்ந்த சருகில் ஆண்டின் தொடக்கத்திலேயே சிறு தீ வைத்துவிடும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. அதைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது, நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஏட்ரீ ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்தப் பேச்சை அலட்சியம் செய்யாமல் எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் பார்த்தார்கள். காயெடுப்பதைவிடப் புல்லுருவியே நெல்லிக்குப் பெரிய கேடு என்பது அவர்கள் ஆய்விலும் வந்தது. எல்லாக் காட்டிலும் தீ வைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. இன்று உண்ணி மண்டிய காட்டில் விழும் தீ அந்தப் பழைய சருகுத் தீ அல்ல, மர உச்சிவரை ஏறும். ஆனைமலையின் ஈரச் சோலையில் தீக்கு வேலையே இல்லை. எங்கே, எந்த மாதம், எவ்வளவு என்ற பேச்சைப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க முடியும்.

கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990-களின் பின்பாதியில் நடந்தது இந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். காட்டு லவங்கப் பட்டையான வயணைப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து வாழ்ந்தவர்களை வழக்குகளிலிருந்து விடுவித்து, அவர்களைக் கொண்டே ஒரு குழு அமைத்தார்கள். பயணிகளைப் புலித்தடத்தில் நடத்திச் செல்லும் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அவர்கள் ஆனார்கள். பிறகு குமுளிப் பெண்கள் 'வசந்த சேனை' என்று சேர்ந்து கூலி வாங்காமல் காட்டில் ரோந்து போனார்கள். அதே கேரளத்தில் வாழச்சாலில், ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளை எடுத்த காடர்களே கூடு மரங்களைக் காவல் காத்துக் குறிப்பெடுக்கிறார்கள். எந்த மரத்தில் பொந்து இருக்கிறது, எந்த மாதம் பெட்டை உள்ளே போய் அடைந்துகொள்ளும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த அறிவு காட்டைக் காக்கும் வேலைக்கு வந்தது. அதற்கு மரியாதையும் வருமானமும் கிடைத்தன.

நம் கோவை வனக் கோட்டத்தில் பரளிக்காடு இருக்கிறது. காரமடையைத் தாண்டி, பில்லூர் அணையின் தேங்கு நீரோரம் இருளர் ஊர். வாரக் கடைசியில் பயணிகளைப் பரிசலில் ஏற்றிச் சுற்றிக் காட்டி, குடும்பப் பெண்கள் ராகிக் களி உள்ளிட்ட சாப்பாடு சமைத்துப் பரிமாறுகிறார்கள். வருமானம் ஊர்க் குழு வழியாக வருகிறது. பரிசல் ஓட்டிகள் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்று உண்டு: நாளைக்கு இத்தனை பேருக்கு மேல் வேண்டாம் என்று ஊர் சொன்னால் அந்த எண்ணிக்கை நிற்க வேண்டும். கூட்டம் கூடக்கூடப் பணம் கூடும்தான். ஆனால் சமையல் செய்கிற பெண்கள் அசந்துபோகிறார்கள், ஆற்றோரம் குப்பை சேர்கிறது, யானை வழி மாறுகிறது. அளவு வைக்கும் அதிகாரம் சமைக்கிறவர் கையில் இருக்கும் வரைதான் அது நல்ல திட்டம்.

எங்கள் பக்கத்திலேயே ஈரோட்டுக்கு அருகில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம். 1996-ல் அறிவிக்கப்பட்டது, 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த அதிகாரியும் போட்ட உத்தரவல்ல. மீறினால் அபராதம் என்று பலகையும் இல்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடியிலும் இதே வழக்கம். இந்த ஊர்களுக்கு நான் பயிற்சி கொடுக்கப் போனதில்லை, கேட்டுக்கொள்ளவே போனேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். 2006-ன் வன உரிமைச் சட்டத்தில் தனிப்பட்ட பட்டாவைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரியது மூன்றாவது பிரிவில் உள்ள சமூக வன வள உரிமை: வழிவழியாகக் காத்துவந்த காட்டைப் பாதுகாக்கவும் மீட்டுருவாக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கு உள்ள உரிமை. புலிகள் காப்பகத்துக்குள்ளும் அது செல்லும். பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் 2011-லேயே அதைப் பெற்றுக் காட்டினார்கள். தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008 இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டயம் வழங்குவது பல ஆண்டு முடங்கியது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. அந்த இடைவெளியில் எல்லை தெரிந்த பெரியவர்கள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் வேலையில் எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

ஏனென்றால் உரிமை மனுவின் உயிரே அந்தப் பெரியவர்கள்தான். அந்தச் சட்டத்தின் விதி 13 முதியோர் வாக்குமூலத்தையும் கல்லறை, கோயில், பழைய ஊர் மேடு போன்றவற்றையும் சான்றாக ஏற்கிறது. ஆகவே எல்லை நடையை நாங்கள் இப்படி நடத்துவோம். முதல் நாள் ஊரில் உட்கார்ந்து பெயர்களை மட்டும் எழுதுவோம்: ஓடை, பாறை, தேன்மரம், தெய்வம் இருக்கும் இடம். மறுநாள் பெரியவர் ஒருவர், ஒரு பெண், ஜி.பி.எஸ். தெரிந்த இளையவர் என்று சேர்ந்து நடப்பார்கள். பெண் கட்டாயம் வேண்டும். தேன்மரமும் பாறையும் ஆண்களுக்குத் தெரியும். கிழங்கு எடுக்கும் சரிவும் கோடையில் வற்றாத ஊற்றும் பெண்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். கிராம சபைக்குப் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. பக்கத்து ஊர் எல்லையோடு இடறும் இடத்தில் இரண்டு ஊரும் ஒரே பாறையில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். அவசரப்பட்டு வரைபடத்தை மேசையில் முடித்துக்கொண்டால் மனு கோட்ட அளவில் திரும்பி வரும். அதைவிட மோசமாக இரண்டு ஊருக்கும் பகை வரும்.

இன்று என் மனம் அதிகம் போவது பர்கூர் மலைக்கு. அந்தியூர் வட்டத்தில், காட்டுக்குள் பட்டி போட்டு வளர்க்கும் பர்கூர் செம்மறை மாட்டின் ஊர். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலைத் தடை செய்தது. அதே மாதத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று தடையைக் குறுக்கிக்கொண்டது. 2024-ல் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் 80,567 ஹெக்டேரில் அறிவிக்கப்பட்டது. அதற்குள் பட்டிகள் வருகின்றன. மேய்ச்சல் வழக்கங்கள் வன உரிமைச் சட்டத்தின் கீழ் வருபவை. அதைக் கேட்டுத்தான் பட்டிக்காரர்கள் போராடுகிறார்கள். காட்டுக்கு மாடு எப்போதும் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். எருவுக்காகவே வெளியூர் முதலாளி நூறு மாட்டை ஓட்டிவிடும் மலைகளும் உண்டு, அங்கே ஓடை கெடும், கோமாரி காட்டெருமைக்குத் தொற்றும். அதையும் பட்டிக்காரரையும் ஒரே தடையில் கட்டுவது அநியாயம். எந்தச் சரிவில் எத்தனை மாடு, எந்த மாதம் வெளியே என்று பட்டிக்காரர்களே தங்களுக்குள் வைத்திருக்கும் கட்டுப்பாட்டை எழுதி வாங்கி, கிராம சபைத் தீர்மானமாக்கி, வனத்துறை அதோடு உட்கார வேண்டும். கொறங்காட்டுக்காரன் என்ற முறையில் அந்தக் கட்டுப்பாட்டை நான் நம்புகிறேன்.

காங்கேயத்தில் இருந்துகொண்டு எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று உறவினர்கள் கேட்பதுண்டு. எங்கள் வெள்ளக்கோவில் கிளைக் கால்வாயில் வரும் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனத் தண்ணீர் ஆனைமலைக் காட்டிலும் பரம்பிக்குளத்துக் காட்டிலும் பெய்த மழை. திருமூர்த்தி அணை வழியாக வந்து கடைமடையில் எங்களைத் தொடுகிறது. அந்த அணைகள் எழும்பியபோது ஊர் பெயர்ந்து போனவர்கள் காடர்கள். கடைமடையில் ஒரு நாள் தண்ணீர் தாமதித்தால் நாங்கள் ரோட்டுக்கு வந்துவிடுகிறோம். தண்ணீர் பிறக்கும் இடத்தில் காட்டைப் பார்க்கிறவர்களோடு எங்களுக்கு ஒரு பேச்சுவார்த்தையும் இருந்ததில்லை.

ஆகவே சென்ற கோடைக்குப் பின் மலைக் குடியிருப்பு ஒன்றிலிருந்து சிலரை எங்கள் ஊருக்கு அழைத்து வந்தேன். பாசன சபைக்காரர்கள் மடையைக் காட்டினார்கள்; மூப்பர் கொறங்காட்டு வேலியைத் தொட்டுப் பார்த்து, எத்தனை வருஷ வேலி என்று விசாரித்தார். பிறகு எங்களில் சிலர் மேலே போய் வந்தோம். இப்போது பேச்சில் இருப்பது இதுதான்: மாசி, பங்குனியில் தீக்காவலுக்கு நிற்கும் குடியிருப்பு ஆட்களுக்கு, வனத்துறைக் கூலிக்கு மேல், பாசன சபை ஏக்கருக்கு ஒரு தொகை போட்டு ஊர்க் குழுவின் கணக்குக்கே அனுப்புவது. செலவு எப்படி என்று அந்தக் குழு தீர்மானிக்கும். நாங்கள் கேள்வி கேட்கலாம், கட்டளை போடக் கூடாது. தலைமடைக்காரர்களும் கடைமடைக்காரர்களும் ஒரே விகிதம் கொடுப்பதா என்பதில் பேச்சு நிற்கிறது. தலைமடையில் தண்ணீர் நிறையக் கிடைக்கிறது, அவர்கள் கூடக் கொடுக்கட்டும் என்கிறது எங்கள் பக்கம். அவர்கள் ஒப்பவில்லை. தை மாதக் கூட்டத்தில் மறுபடி எடுக்கிறோம்.